வண்டி வந்தது, பிறகு?

பொழுது இன்னும் புலரவில்லை. வில்லியனூர்க் கடைத்தெருவில் தேநீர்க் கடை அடுப்பு மட்டும் எரிகிறது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறார் ஒரு தோழர். செங்கல் சூளைக்குப் போகிறவர். நேற்று வந்த இருமல் அல்ல அது. மூன்று மாதமாக மார்பைக் குடைகிறது. மாலையானால் உடம்பு காய்கிறது. போன பொங்கலுக்குத் தைத்த சட்டை இப்போது தோளில் தொங்குகிறது.

"ஆஸ்பத்திரியில் காட்டினால் என்ன?" என்று கேட்டால் சிரிக்கிறார். "காட்டலாம் அண்ணே! ஒரு நாள் கூலி போகும். இது வெறும் புகைச்சல்தான், தானே போய்விடும்" என்கிறார்.

இந்தத் தோழரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கு இருப்பது ஒரு பெயர் அல்ல, ஓராயிரம் பெயர். பாகூர் வயலில் அவர் நாற்று முடி சுமக்கிறார். சேதராப்பட்டு ஆலை வாசலில் ஒப்பந்தக்காரரின் அழைப்புக்காக நிற்கிறார். வடநாட்டிலிருந்து பிழைக்க வந்து, தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு நெருக்கிப் படுத்துறங்குகிறார். சில வீடுகளில் அவர் ஒரு தாய். இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு, எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் தாய்.

இருமலுக்கு விலை ஒரு நாள் கூலி. அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்கள் நுரையீரலையே விலையாகக் கொடுக்கிறார்கள். தோழர்களே, இன்று இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வினையுமல்ல, விதியுமல்ல

நம் பாட்டன்மார் அதை க்ஷயம் என்றார்கள், எலும்புருக்கி என்றார்கள். முன்வினை என்றும் குலச் சாபம் என்றும் சொல்லித் தலையிலடித்துக்கொண்டார்கள். வினையுமல்ல, விதியுமல்ல, அது ஒரு கிருமி என்று 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் எடுத்துக்காட்டினார் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவர். நோயாளி இருமும்போது காற்றில் கலந்து, பக்கத்திலிருப்பவரின் மூச்சில் புகுவது அந்தக் கிருமி. உண்ட தட்டிலும் குடித்த குவளையிலும் அது ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கிருமி உடலில் புகுந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. நூறு பேருக்குள் அது புகுந்தால், வாழ்நாள் முழுவதிலும் நோயில் விழுகிறவர் ஐந்து முதல் பத்துப் பேர்தான். யார் அந்த ஐந்து, பத்துப் பேர்? வயிறு காய்ந்தவர், சர்க்கரை நோய் உள்ளவர், சாராயத்திலும் புகையிலும் உடம்பைக் கரைத்தவர், கல் தூசியைச் சுவாசித்து வேலை செய்பவர், காற்றோட்டமில்லாத குடிசையில் நோயாளியோடு உறங்குபவர். கிருமி எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறது. ஏழை வீட்டில்தான் அது உட்கார்ந்து குடும்பம் நடத்துகிறது.

மருந்து இல்லையா? இருக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று வகை. சர்க்கார் அதை இலவசமாகக் கொடுக்கிறது. முறையாக உண்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கிருமி தெரியும், மருந்து இருக்கிறது, மருந்துக்கு விலையில்லை. அப்படியும் உலகில் காசநோயில் விழும் நால்வரில் ஒருவர் இந்தியராக இருக்கிறாரே, அது ஏன்?

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டில்லியில் முழங்கினார்கள். 2025 வந்தது, போயிற்று. நோய் போகவில்லை. குறைந்திருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். 2015-ல் லட்சம் பேருக்கு 237 என்றிருந்த கணக்கு 2024-ல் 187 ஆக இறங்கியதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இறங்கியது உண்மை, ஒழியவில்லை என்பதும் உண்மை.

அலட்சியமா?

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. எக்ஸ்ரே கருவி ஏற்றிய வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. அந்தக் கணக்கெடுப்பு மூன்று உண்மைகளை உடைத்துச் சொல்லிற்று.

முதல் உண்மை: பதினைந்து வயதுக்கு மேற்பட்ட லட்சம் பேரில் 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. நாட்டின் சராசரி இது. நம் கொம்யூன்களில் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் ஆயிரம் பேர் உள்ள ஊரில் மூவர் என்று வைத்துக்கொண்டால், அந்த மூவர் யார் என்று ஊருக்கே தெரியாது என்பதுதான் ஆபத்து. மருந்து உண்ணாத ஒரு நோயாளி ஓராண்டில் பத்துப் பதினைந்து பேருக்குத் தொற்றைக் கொடுத்துவிட முடியும்.

இரண்டாவது உண்மை: நோயின் அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, அவர்களில் நூற்றுக்கு 68 பேர் சொன்ன பதில், "பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்பது. பணமில்லை என்று சொன்னவர் நூற்றுக்கு இரண்டே பேர்.

இதைப் படித்தவுடன் மாடிவீட்டார் சொல்வார்கள்: "பார்த்தீர்களா? வறுமை அல்ல காரணம், அலட்சியம்!"

அலட்சியமா தோழர்களே? தேநீர்க் கடையில் இருமிய அந்தத் தோழரைக் கேளுங்கள். அவரும் "வெறும் புகைச்சல்" என்றுதான் சொல்வார். பையில் பணமில்லை என்று சொல்லக் கூசுகிறவர் அவர். அதை மட்டுமா மறைக்கிறார்? காலை எட்டு மணிக்குத் திறக்கும் மருத்துவமனைக்கும், காலை ஆறு மணிக்கு அழைக்கும் சூளைக்கும் நடுவே அகப்பட்ட மனிதர், தன் நோயைச் சிறிதாக்கித் தனக்கே சொல்லிக்கொள்கிறார். பெரிதென்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு உலை வைக்க வழியில்லை. அதிகாரியின் படிவத்தில் அது அலட்சியம் என்று பதிவாகிறது. குடிசையில் அதற்குப் பெயர் வேறு.

மூன்றாவது உண்மைதான் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல், எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டவர்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று வாயால் கேட்டுவிட்டுப் போயிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். நோயிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள், மருந்திலிருந்து தப்பியிருப்பார்கள்.

ஆகவே நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று காத்திருப்பது நியாயமும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல. ஆஸ்பத்திரி நோயாளியைத் தேடிப் போகவேண்டும். வண்டி ஊருக்கு வரவேண்டும்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

இந்த வண்டியைப் பற்றி நம் தோழர்கள் விவரமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் ஊராருக்குச் சொல்ல முடியும்.

முதலில் கேள்விகள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? காய்ச்சலா? இரவில் வியர்வையா? எடை குறைகிறதா? சளியில் இரத்தமா? பிறகு மார்பு எக்ஸ்ரே. முன்பெல்லாம் லாரியில் ஏற்றவேண்டிய கருவி இன்று கையில் தூக்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. பிலிம் கழுவ இருட்டறை வேண்டாம். படம் உடனே கணிப்பொறியில் விழுகிறது. சந்தேகமான நிழலைக் கணிப்பொறியே சுட்டிக்காட்டுகிறது. இந்த முறையை 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

நிழல் தெரிந்தால் நோய் என்று பொருளல்ல. பழைய வடுவாக இருக்கலாம். வேறு நோயாக இருக்கலாம். அதனால் சளிப் பரிசோதனை. கோவாவில் செய்யப்படும் ட்ரூநாட் என்ற கருவி பாட்டரியில் ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசை மீதே வைத்துச் சளியில் கிருமி உண்டா என்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. கிருமி இருந்தால், முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா அடங்காதா என்பதை அடுத்த பரிசோதனையில் சொல்கிறது. கண்டுபிடித்த அன்றே மருந்தைத் தொடங்கும் வசதி இன்று உண்டு. எக்ஸ்ரே ஒளி மலடாக்கும் என்றும், சளி கொடுத்தால் ஆயுள் குறையும் என்றும் பேசுகிற வாய்களுக்கு நம் தோழர்கள் பதில் சொல்ல வேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் படும் கதிர் மிக மிகச் சொற்பம்.

2024 டிசம்பர் 7 அன்று நாட்டின் 347 மாவட்டங்களில் நூறு நாள் காசநோய் இயக்கம் என்று தொடங்கி, இத்தகைய வண்டிகளையும் கைக் கருவிகளையும் அனுப்பினார்கள். நல்ல காரியம். நல்ல காரியத்தைச் சர்க்கார் செய்தாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்வோம். ஆனால் நூறு நாளுக்குப் பிறகு நூற்றோராம் நாள் வருகிறதே, அன்று என்ன?

அன்றும் வண்டி வந்தது

இது புதிய வண்டி அல்ல. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் காசநோய்க் கணக்கெடுப்பை நடத்தியபோதும் எக்ஸ்ரே வண்டிகள் கிராமங்களுக்கு வந்தன. அதுவரை இது பட்டணத்து நோய், ஆலைப் புகையின் நோய் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிராமத்திலும் பட்டணத்துக்குச் சற்றும் குறையாமல் நோய் பரவியிருக்கிறது என்பதை அந்த வண்டிகள்தான் காட்டின.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு பெரிய காரியம் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் பிறந்தது. ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல உணவு. மற்றொரு பிரிவுக்கு, நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே அதே மருந்து. 1959-ல் முடிவு வெளிவந்தது: இரு பிரிவும் ஏறக்குறைய ஒரேயளவு குணமடைந்தன. வீட்டில் மருந்துண்டவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. நோயாளியை ஊரிலிருந்து பிடுங்கிச் செல்லத் தேவையில்லை, மருந்து ஊருக்குப் போனால் போதும் என்று உலகுக்குச் சொன்னது தமிழ்நாட்டு ஏழையின் உடம்பு.

பிறகு ஏன் வெல்லவில்லை? மைசூர் ராஜ்யத்துத் தும்கூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 1963-ல் வெளிவந்தது. கிராமத்து ஏழை நோயை உணராதவன், ஆஸ்பத்திரிக்கு வராதவன் என்ற பேச்சை அது பொய்யாக்கிற்று. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது என்ன? பலருக்கு ஒரு புட்டி இருமல் மருந்து! ஏழை வாசல் வரை வந்தார். வாசலில் இருந்தவர்கள் அவரை அடையாளம் காணவில்லை.

எக்ஸ்ரே வண்டிகளோ படம் பிடித்தன, பழுதாயின, பிலிமுக்கும் பெட்ரோலுக்கும் பணம் தின்றன. 1974-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஊரையே நிறுத்திப் படம் பிடிக்கும் முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. இன்று கருவி மாறியிருக்கிறது, மலிந்திருக்கிறது, கூர்மையடைந்திருக்கிறது. வண்டி திரும்பி வருகிறது. ஆனால் அன்றைய பாடம் மாறவில்லை. படம் பிடிப்பது வைத்தியம் அல்ல. வண்டி புறப்பட்டுப் போன பிறகு அந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதே வைத்தியம்.

அரிசி மூட்டையின் சாட்சியம்

பாகூருக்குத் தெற்கே ஆற்றைத் தாண்டினால் கடலூர். அங்குள்ள திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்தவர் புதுமைப்பித்தன். தமிழ்ச் சிறுகதையை உலகத்தரத்துக்கு உயர்த்திய அந்த எழுத்தாளர் 1948-ல் காசநோய்க்குப் பலியானார். நாற்பத்திரண்டு வயது, கையில் காசில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1943-லேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மருந்து உலகில் பிறந்துவிட்டால் மட்டும் போதாது, அது ஏழையின் கைக்கு வரவேண்டும் என்பதற்கு அவர் வாழ்வைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்று மருந்து கைக்கு வருகிறது. வராதது எது? சோறு.

சென்னை ஆராய்ச்சி, நல்ல உணவின்றியும் மருந்து குணப்படுத்தும் என்று காட்டியது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, உணவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று நெடுங்காலம் இருந்துவிட்டார்கள். ஆனால் யார் சாகிறார்கள், வீட்டில் அடுத்து யார் விழுகிறார்கள் என்ற கேள்விகள் மிச்சமிருந்தன. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் அந்தக் கேள்விகளுக்கு விடை தேடினார்கள். நோயாளிகள் 2,800 பேருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பை: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். அவர்களோடு வாழ்ந்த பத்தாயிரம் பேரில் ஒரு பிரிவுக்கு, ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும்.

2023-ல் முடிவைச் சொன்னார்கள். அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் நோய் நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறிய நோயாளிகளிடையே சாவு நூற்றுக்கு 60 பங்கு குறைவாக இருந்தது. எடை மிகக் குறைந்து, நிற்க முடியாமல் வரும் நோயாளியை முதல் நாளே அடையாளம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சாவைத் தடுக்கலாம் என்று தமிழ்நாடு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான்.

தடுப்பூசி தேடி உலகம் அலைகிறது. ஏழைக் குடும்பத்துக்கு அரிசியும் பருப்புமே பாதித் தடுப்பூசி!

மத்திய சர்க்கார் என்ன கொடுக்கிறது? நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறது. உயர்த்தியதை வரவேற்கிறோம். கணக்கையும் போடுகிறோம்: நாளுக்கு 33 ரூபாய். அதில் அவர் முட்டை வாங்குவாரா, பால் வாங்குவாரா, வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஈடுகட்டுவாரா?

நம் மண்ணில்

இனி நம் வாசலுக்கு வருவோம். புதுச்சேரியில் மருத்துவத்துக்குப் பஞ்சமா? ஜிப்மர் இருக்கிறது. கோரிமேட்டில் அரசு மார்பு நோய் மருத்துவமனையும் காசநோய்ப் பரிசோதனைக்கூடமும் இருக்கின்றன. வில்லியனூர் கொம்யூனில் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார நிலையம் இருக்கிறது. பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கத்தையும் பிள்ளையார்குப்பத்தையும் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள் எழுந்து நிற்கின்றன. இவ்வளவு விளக்குகள்! ஆனால் விளக்குக்கு அடியில்தானே இருட்டு?

அந்த இருட்டு எங்கெங்கே என்று காட்டட்டுமா?

சர்க்கரை நோய் காசநோயை இரண்டு மூன்று மடங்கு எளிதாக்குகிறது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் புதுச்சேரியில் நூறு பெரியவர்களுக்கு 26 பேருக்கு மேல் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்! ஆகவே வண்டியில் மார்புப் படத்தோடு இரத்தச் சர்க்கரையும் பார்த்தாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிறவருக்கு மார்புப் படமும் எடுத்தாக வேண்டும்.

சாராயம் மற்றொன்று. கடைகளை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்பும் ஆட்சி, குடியால் கரைந்த நுரையீரலுக்கும் கணக்குக் காட்ட வேண்டாமா? குடிக்கிற தோழரைத் திட்டி விரட்டினால் மருந்தை நடுவில் நிறுத்துவார். நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். விரட்டாதீர்கள், கூடவே நில்லுங்கள்.

அரிசி அடுத்தது. அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் என்று சொல்லி, புதுச்சேரியின் நியாயவிலைக் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் கதவு திறந்தது. நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரில், நெல் அறுத்தவர் வீட்டுக்கு அரிசி கொடுக்கும் கடை மூடிக் கிடந்தது! ஜார்க்கண்டில் அரிசியும் பருப்பும் செய்த வேலையை அறிந்த பிறகு, அந்தப் பூட்டின் விலை என்னவென்று நினைத்துப் பாருங்கள்.

எல்லை இன்னொன்று. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் பங்கு போட்ட கோடு இன்னும் நம் ஊர்களை வெட்டிக்கொண்டு கிடக்கிறது. குருவிநத்தத்திலோ சோரியாங்குப்பத்திலோ நின்று பார்த்தால் அடுத்த ஊர் கடலூர் மாவட்டம். ஒருவர் உறங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது புதுச்சேரியில். கிருமி ஆதார் அட்டை பார்த்துப் புகுவதில்லை. வண்டியும் முகவரி பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. சூளையில் இருப்பவர் ஒடிசாவிலிருந்து வந்தாலும் விழுப்புரத்திலிருந்து வந்தாலும் அங்கேயே மருந்து தொடங்க வேண்டும். ஊர் திரும்பினால் மருந்தும் அவரோடு பயணம் செய்ய வேண்டும்.

கூலி கடைசி. ஈ.எஸ்.ஐ. அட்டையுள்ள ஆலைத் தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், இரண்டாண்டு தொடர்ந்து வேலை செய்திருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், நீண்ட நோய் உதவியாகக் கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கச் சட்டம் உண்டு. இரண்டாண்டு வரை உண்டு. எத்தனை தோழர்களுக்கு இது தெரியும்? தெரியாதவர்களுக்கு இன்றே சொல்லுங்கள். ஆனால் சூளையில் மண் மிதிப்பவருக்கும், வயலில் களை பறிப்பவருக்கும், ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டும் பெயருள்ளவருக்கும் அந்த அட்டை எங்கே? ஒரே கிருமி, ஒரே நுரையீரல்; ஒருவருக்குக் கூலியோடு ஓய்வு, மற்றவருக்குக் கூலியுமில்லை, ஓய்வுமில்லை. இதுதான் நாம் தீர்க்கவேண்டிய வழக்கு.

இதையெல்லாம் கேட்கக் கொம்யூன் பஞ்சாயத்தில் நம் பிரதிநிதி வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் ஒருமுறை நடந்தது. 2006-ல் மறுமுறை நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாக அதிகாரிகளே கொம்யூனை ஆண்டுவந்தார்கள். வண்டி எந்தத் தெருவில் நிற்கவேண்டும் என்று சொல்ல ஊராருக்கு வாயில்லை. வாயில்லாத ஊருக்கு நாம்தான் வாய்.

என்ன கேட்போம்?

வண்டி அதிகாரிக்கு வசதியான நேரத்தில் வரவேண்டாம். உழைப்பவருக்கு வசதியான நேரத்தில் வரட்டும். விடியற்காலை சூளை வாசலில், அந்தி சாய்ந்தபின் சேலியமேட்டுத் தெருவில், வார விடுமுறையில் தொழிற்பேட்டையில் வந்து நிற்கட்டும். இருமுகிறவரை மட்டுமல்ல, பெரியவர் அனைவரையும் படம் பிடிக்கட்டும். முடிவை அன்றே சொல்லட்டும். சளிக் குப்பியை வாங்கிக்கொண்டு மறைந்துவிட வேண்டாம். மருந்து அந்த ஊர் சுகாதார நிலையத்திலேயே தொடங்கட்டும். நோயாளிக்கு மட்டுமல்ல, அந்த வீட்டு அடுப்புக்கே ஆறு மாதம் அரிசியும் பருப்பும் நியாயவிலைக் கடையில் கிடைக்கட்டும். அட்டையில்லாத் தொழிலாளிக்கு, எழுந்து நடக்கும் வரை முதல் இரண்டு மாதமாவது கூலிக்கு ஈடு கிடைக்கட்டும். ஓராண்டு கழித்து அதே வண்டி அதே தெருவுக்கு மீண்டும் வரட்டும்.

இது நடக்கிற காரியமா என்பீர்கள். நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரனிடம் அடிமைப்பட்டுக் கிடந்த வியட்நாமில் நடந்திருக்கிறது. அதன் தென்கோடியில் உள்ள கா மௌ மாநிலத்தில் 2014 முதல் மூன்றாண்டு, ஆண்டுதோறும் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, இருமல் உண்டோ இல்லையோ, எல்லாப் பெரியவரிடமும் சளி கேட்டுச் சோதித்தார்கள். நான்காம் ஆண்டு பார்த்தபோது, சோதிக்காத ஊர்களைவிட அங்கே காசநோய் நூற்றுக்கு 44 பங்கு குறைந்திருந்தது. ஒரு முறை போனதால் அல்ல. மீண்டும் மீண்டும் போனதால்.

ஸ்காட்லாந்தின் கப்பல் தொழிலாளர் நகரமான கிளாஸ்கோவில் 1957-ல் ஐந்தே வாரத்தில் ஏழு லட்சம் பேருக்கு மேல் எக்ஸ்ரே வண்டியில் ஏறினார்கள். ஏறவைத்தது கருவி அல்ல. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தெருத்தெருவாக, கதவு கதவாகத் தட்டி அழைத்துவந்தார்கள்.

தொண்டர் கடமை

கதவு தட்டத் தெரிந்தவர்கள் நாம் அல்லவா? வாக்காளர் பட்டியலில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். தேர்தலுக்குத் தட்டிய கதவை மூச்சுக்காக ஒருமுறை தட்டக்கூடாதா?

வண்டி வருவதற்கு மூன்று நாள் முன்பே கிளைத் தோழர்கள் இருவர் இருவராகப் போகட்டும். பெண் தோழர்கள் அவசியம் போகட்டும். "ஊரில் எல்லோருக்கும் படம் எடுக்கிறார்கள், நீங்களும் வாருங்கள்" என்று அழைக்கட்டும். "உனக்கு நோயிருக்கிறது, வா" என்று யாரையும் அழைக்க வேண்டாம். முதலில் நாமே ஏறிப் படம் எடுத்துக்கொள்வோம். முடிவு தெரிந்தபின் நோயாளியின் பெயரைத் தேநீர்க் கடையில் உச்சரிக்காதீர்கள். அவர் வீட்டில் மணமாகாத பெண் இருக்கலாம். அவருக்கு வேலை கொடுப்பவரின் காதும் அங்கே இருக்கலாம். தட்டையும் குவளையையும் ஒதுக்குகிறவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்: சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் நோய் பரப்பும் சக்தி பெரிதும் அடங்கிவிடுகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாம் மாதம்தான் கண்டம். இருமல் நிற்கும், பசி எடுக்கும், "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும். அந்த மாதம் ஒரு தோழர் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரட்டும். ஆறாம் மாதம் வரை உட்காரட்டும். மேடைப் பேச்சைவிடப் பெரிய கட்சி வேலை அது.

1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை வாசலில் பன்னிரண்டு தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்த இரத்தத்தின் விலையாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை உரிமையை வென்ற மண் இது. நாளில் எட்டு மணி நேரம்தான் உழைப்போம் என்று சொல்ல உரிமை பெற்றோம். அந்த எட்டு மணி நேரமும் முழு மூச்சு விட உரிமை வேண்டாமா?

வண்டி வரும். கேட்டு வரவழைப்போம். அது படம் பிடித்துக்கொண்டு போனபிறகு, தேநீர்க் கடை வாசலில் நிற்கும் அந்தத் தோழரிடம் நாளை நாம் என்ன சொல்லப் போகிறோம்? "ஒரு நாள் கூலி போகுமே" என்று அவர் சிரித்தால், "கூலியை நாங்கள் கேட்டு வாங்கித் தருகிறோம், நீங்கள் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் நிலைமை வரவேண்டும்.

அந்த நாளைக் கொண்டுவருவது வண்டியின் வேலை அல்ல. நம் வேலை.